எழுதும் தாளுக்குள் தரவுத்தளம் நுழைந்த கதை

முதலில் இருந்தது நகலெடுப்புதான். ஒரே கடிதம் ஆயிரம் பேருக்குப் போக வேண்டும், பெயரும் முகவரியும் மட்டும் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். 1964இல் ஐபிஎம் விற்பனைக்குக் கொண்டுவந்த எம்டி/எஸ்டி என்ற காந்த நாடா தட்டச்சுப்பொறியில், இரண்டு நாடாக்கள் பொருத்தும் வகை இதற்குக் கைகொடுத்தது. ஒன்றில் கடிதம், மற்றதில் முகவரிகள். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்து இயந்திரமே அடித்துத் தள்ளும். பிறகு சிறு கணினிகளுக்கு வேர்டுஸ்டார் வந்தபோது, மெயில்மெர்ஜ் என்ற துணை மென்பொருளைத் தனியாக விலை கொடுத்து வாங்கி அதே வேலையைச் செய்தார்கள்.

இந்த முறையில் ஒரு பெரிய குறை உண்டு. கடிதம் உருவான கணமே தரவோடு அதற்கிருந்த தொடர்பு அறுந்துவிடும். மறுநாள் முகவரி மாறினால் கடிதத்துக்குத் தெரியாது. கடிதத்தில் ஒரு பெயரைத் திருத்தினால் பட்டியலுக்குத் தெரியாது.

தொடர்பு அறாமல் தரவைத் திரையில் காட்டும் வித்தை வேறொரு பக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியில் வேலை பார்த்த வெய்ன் ராட்லிஃப் எழுதிய தரவுத்தள மென்பொருள், 1980களின் தொடக்கத்தில் டிபேஸ் 2 என்ற பெயரில் சந்தையைப் பிடித்தது. அதில் ஒரே வரிக் கட்டளை ஒன்று இருந்தது: திரையின் ஐந்தாவது வரியில், பத்தாவது இடத்தில், ‘பெயர்’ என்று காட்டு, அதன் பக்கத்தில் பெயர் என்ற புலத்தைத் திருத்துவதற்காகத் திற. ‘சே’ என்றால் காட்டு, ‘கெட்’ என்றால் வாங்கு. இன்று நாம் டெக்ஸ்ட் பாக்ஸ் என்று சொல்வதன் மூதாதை அதுதான் என்று நினைக்கிறேன். திரையில் ஓர் இடமும் கோப்பில் ஒரு புலமும் அங்கே முடிச்சுப் போடப்பட்டன. ஆனால் அந்தத் திரையில் கடிதம் எழுத முடியாது. பத்தி, பக்கம், எழுத்துரு எதுவும் அதற்குத் தெரியாது.

தாள் ஒரு பக்கம், முடிச்சு மறுபக்கம். இரண்டையும் ஒன்றாக்கியவர்களில் முக்கியமானவர்கள் ஜெர்மனிக்காரர்கள். 1985இல் லூனபர்க் நகரில் மார்கோ போரீஸ் என்ற பதினாறு வயதுப் பையன் ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினான். அவர்களின் முதல் சரக்கு ஸ்டார்ரைட்டர் என்ற சொல்செயலி. அது விரிந்து கணக்குத்தாள், படம் வரைதல், தரவுத்தளம் எல்லாம் சேர்ந்து ஸ்டார்ஆஃபீஸ் ஆனது.

அந்தக் குழு எடுத்த முக்கியமான முடிவு வெளியே தெரியாத இடத்தில் இருக்கிறது. படிவத்துக்கான பெட்டி, பொத்தான், பட்டியல் ஆகியவற்றை அவர்கள் படம் வரையும் அடுக்கின்மேல் கட்டினார்கள். அந்த அடுக்கு சொல்செயலிக்கும் கணக்குத்தாளுக்கும் பொது. அதனால் ஒரு கட்டத்தையோ வட்டத்தையோ வைக்க முடிகிற எந்த ஆவணத்திலும் தரவுப் பெட்டியையும் வைக்க முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அக்ஸஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் படிவம் அதற்குள்ளேயே தனிச் சரக்கு. இங்கோ சாதாரண எழுத்தாவணமே படிவமாகும். எனக்கு இது மிகவும் பிடித்த வடிவமைப்பு.

1999 ஆகஸ்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஸ்டார் டிவிஷனை வாங்கியது. 2000 அக்டோபர் 13 அன்று ஸ்டார்ஆஃபீஸின் மூலநிரல் ஓப்பன்ஆஃபீஸ் என்ற பெயரில் பொதுவெளிக்கு வந்தது. ஸ்டார்ஆஃபீஸுடன் கொடுத்துவந்த அடபாஸ் டி தரவுத்தளம் வேறு நிறுவனத்தின் சொத்து என்பதால் அதைத் திறக்க முடியவில்லை. ஆகவே 2002 மே மாதம் ஓப்பன்ஆஃபீஸ் 1.0 சொந்தத் தரவுத்தளம் இல்லாமலே வெளிவந்தது. படிவம் மட்டும் பத்திரமாக உள்ளே இருந்தது. ஓடிபிசி, ஜேடிபிசி என்ற இணைப்புகள் வழியாக மைசீக்குவலையோ பழைய டிபேஸ் கோப்புகளையோ இணைத்துக்கொண்டால் அது உயிர்பெறும். 2005 அக்டோபரில் வந்த 2.0 பதிப்பு பேஸ் என்ற பகுதியையும், உள்ளேயே எச்எஸ்க்யூஎல்டிபி என்ற எஞ்சினையும் சேர்த்தது. பேஸில் ஒரு படிவத்தைத் திறந்து பாருங்கள்: அது ரைட்டர் என்ற சொல்செயலியின் ஆவணமேதான்.

கையால் செய்து பார்த்தால் இந்த ஏற்பாட்டின் நேர்த்தி புரியும். வெற்று ஆவணத்தில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வரைகிறோம். வரைந்ததுமே கண்ணுக்குத் தெரியாத ‘ஃபார்ம்’ ஒன்று அதைச் சுற்றி உருவாகிவிடுகிறது. அந்த ஃபார்முக்கு எந்தத் தரவு மூலம், எந்த டேபிள் என்று சொல்கிறோம். பெட்டிக்கு எந்தப் புலம் என்று சொல்கிறோம். டிசைன் மோடு என்ற வடிவமைக்கும் நிலையை அணைத்ததும் முதல் பதிவு பெட்டிக்குள் வந்து நிற்கிறது. கீழே உள்ள பட்டை எத்தனையாவது பதிவு, மொத்தம் எத்தனை என்று காட்டுகிறது. மொத்தத்தின் பக்கத்தில் சில நேரம் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். எல்லாப் பதிவுகளையும் இன்னும் படித்து முடிக்கவில்லை, எண்ணிக்கை கூடலாம் என்பது அதன் பொருள். பெட்டியில் எழுத்தைத் திருத்திவிட்டு அடுத்த பதிவுக்கு நகர்ந்தால், திருத்தம் டேபிளுக்கே போய்ச் சேர்கிறது. மெயில் மெர்ஜில் அறுந்துபோன தொடர்பு இங்கே அறவில்லை.

ஆவணத்தைச் சேமிக்கும்போது இந்த முடிச்சு எப்படிப் பதிவாகிறது? ரைட்டர் சேமிக்கும் ஓடிடி கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. பிரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் எழுத்தில், உரை தொடங்கும் முன்பே, படிவங்களுக்கான பகுதி இருக்கும்: மூலத்தின் பெயர், டேபிளின் பெயர், ஒவ்வொரு பெட்டிக்கும் புலத்தின் பெயர். ஆவணம் சுமப்பது தரவு எங்கே இருக்கிறது என்ற குறிப்பை. அதனால்தான் அந்தத் தரவு மூலம் பதிவு செய்யப்படாத வேறொரு கணினியில் திறந்தால் பதிவுகள் வருவதில்லை. 2006இல் இந்த வடிவம் ஐஎஸ்ஓ 26300 என்ற தரமானது. புலத்தைக் கட்டும் முறையும் அதனுடன் பொதுச்சொத்தாகிவிட்டது.

படம் வரையும் அடுக்கில் பிறந்ததற்கு ஒரு விலையும் உண்டு. பெட்டி, பெட்டியாகவேதான் இருக்கும். குறிப்பு நீண்டுவிட்டால் உருள்பட்டை வருமே தவிர, கீழே உள்ள பத்தியைத் தள்ளிக்கொண்டு விரியாது. பல பதிவுகளை ஒன்றாகக் காட்டும் டேபிள் கன்ட்ரோலை அச்சிட்டால் திரையில் தெரியும் வரிகள் மட்டுமே தாளில் வரும். அச்சுக்கு இன்றும் மெயில் மெர்ஜையோ ரிப்போர்ட்டையோ தேடிப் போக வேண்டியிருக்கிறது.

2010இல் ஓப்பன்ஆஃபீஸிலிருந்து லிப்ரேஆஃபீஸ் பிரிந்து வந்தபோது இந்த ஏற்பாடு முழுதாகவே கூட வந்தது. 2022இல் வந்த அதன் 7.4 பதிப்பில், வரிக்குள் எழுத்தோடு எழுத்தாக ஓடும் கன்டென்ட் கன்ட்ரோல் என்ற புதிய பெட்டிகள் சேர்ந்தன. வேர்டு ஆவணங்களோடு ஒத்துப்போவதற்காக வந்தவை அவை. நீண்டால் பத்தியும் நீளும். ஆனால் பழைய பெட்டியைப் போல டேபிளின் புலத்தோடு முடிச்சுப் போட அவற்றில் வழி வைக்கவில்லை. அடுத்துச் செய்ய வேண்டிய வேலை அதுதான்.