பழைய கேமிங் கணினிக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு

கிராபிக்ஸ் கார்டு, அதாவது வரைகலை அட்டை, திரையில் தெரியும் காட்சிகளைக் கணக்கிட்டு வரைந்து தரும் தனிப் பாகம். மேசைக் கணினியில் ஓரிரு ஸ்க்ரூவைக் கழற்றினால் பழையதை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டிவிடலாம். அதனால்தான் வயதான கணினியில் புதிய கேம் ஆட ஆசைப்படுபவர்கள் முதலில் இதில் கை வைக்கிறார்கள். எந்தக் கார்டு பொருந்தும் என்பதற்கான விடை பெரும்பாலும் கேபினட்டுக்குள்ளேயே இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் எவ்வளவு மின்சாரம் தரும், மதர்போர்டின் ஸ்லாட் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது, பிராசஸர் எதுவரை ஈடுகொடுக்கும் ஆகிய மூன்றும் தெரிந்த பிறகு விலைப்பட்டியலைத் திறந்தால் போதும்.

டெல் நிறுவனம் 2013-ல் அலுவலகங்களுக்காகக் கொண்டுவந்த ஆப்டிபிளெக்ஸ் 9020 இதை விளக்க நல்ல உதாரணம். இன்டெலின் நான்காம் தலைமுறை பிராசஸர்கள் பொருத்தப்பட்ட கணினி அது. கோர் ஐ5-4570 உள்ளதை எடுத்துக்கொண்டால் நான்கு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ் வேகம். நிறுவனங்கள் தங்கள் கணினிகளை மொத்தமாக மாற்றும்போது இப்படிப்பட்ட பெட்டிகள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்து சேர்கின்றன. சென்னை ரிச்சி தெருவிலும் பழைய அலுவலகக் கணினிகள் விற்கும் கடைகள் உண்டு. கையில் இருக்கும் பணத்துக்குள் ஒரு கேமிங் கணினி அமைத்துவிட வேண்டும் என்று பார்க்கும் மாணவர்களுக்கு இது கண்ணில் படுவது இயல்பு. திடமான, சத்தமில்லாத பெட்டி. கூடவே ஒரு கார்டு மட்டும் வாங்கினால் வேலை முடிந்துவிடும் போலத் தோன்றும்.

மின்சாரம்

9020-இன் டவர் வடிவத்தில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் 290 வாட். உயரம் குறைந்த எஸ்எஃப்எஃப் வடிவத்தில் 255 வாட்தான். இரண்டிலும் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி வயர் கிடையாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிப்படி ஒரு கார்டு ஸ்லாட் வழியாக இழுக்கக்கூடியது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வயர் வரவேண்டும்: 6 பின் இணைப்பு 75 வாட் தரும், 8 பின் இணைப்பு 150 வாட் தரும். சில அலுவலகக் கணினிகளில் ஸ்லாட்டுக்கே அந்த 75 வாட்டைவிடக் குறைந்த வரம்பு இருக்கும். கையேட்டில் அது எழுதப்பட்டிருக்கும்.

இந்த வரம்பை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2016 ஜூனில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 480 கார்டில் ஒரே ஒரு 6 பின் இணைப்புதான் இருந்தது. சோதித்தவர்கள் அளந்து பார்த்தபோது, அது ஸ்லாட்டிலிருந்து விதி அனுமதிப்பதைவிட அதிகமாக மின்சாரம் இழுப்பது தெரிந்தது. பழைய மதர்போர்டுகள் தாங்குமா என்ற கவலை எழுந்தது. அடுத்த மாதமே ஏஎம்டி டிரைவர் மென்பொருளைத் திருத்தி, அந்தச் சுமையைக் குறைத்தது.

6 பின் வயர் இல்லாத கணினிக்கு, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரை 6 பின்னாக மாற்றித் தரும் அடாப்டர்கள் மலிவாக விற்கின்றன. சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் தரவே வடிவமைக்கப்பட்டது. அதன் தலையில் 75 வாட்டை ஏற்றினால் பிளாஸ்டிக் முனை சூடேறி உருகும் ஆபத்து உண்டு. இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் முழுக் கணினியையும் பணயம் வைக்கும் வேலை இது. எந்த நிலையிலும் செய்யக் கூடாது.

எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிட்டால் என்ன? மாற்றலாம். ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸில் மதர்போர்டுக்குப் போகும் முனை 24 பின். 9020-இன் மதர்போர்டு கேட்பது 8 பின். இடையில் ஒரு மாற்று வயர் வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்த பிறகுதான் மலிவாகக் கிடைத்த பெட்டியின் உண்மையான விலை தெரியும்.

இவ்வளவு மெனக்கெட விரும்பாதவர்களுக்கு, தனி வயரே இல்லாமல் ஸ்லாட் மின்சாரத்தில் ஓடும் கார்டுகள் சில இருக்கின்றன. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 2016 அக்டோபரில் வந்தது. 4 ஜிபி நினைவகம், 75 வாட். அதற்கு அடுத்து 2019 ஏப்ரலில் ஜிடிஎக்ஸ் 1650. 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வடிவம் 70 வாட்டில் ஓடுகிறது. 1650-ஐச் சில தயாரிப்பாளர்கள் 6 பின் இணைப்போடும் விற்றார்கள் என்பதால் பெயரை மட்டும் நம்பாமல் படத்தில் கார்டின் மேல்விளிம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எஸ்எஃப்எஃப் பெட்டி வைத்திருப்பவர்கள் உயரம் குறைந்த லோ புரொஃபைல் வடிவத்தைத்தான் தேட வேண்டும். வழக்கமான கார்டு அதற்குள் நுழையவே நுழையாது.

ஸ்லாட்டும் வழித்தடமும்

கார்டும் பிராசஸரும் பேசிக்கொள்ளும் பாதை பிசிஐ எக்ஸ்பிரஸ். 16 தடங்கள் கொண்ட ஸ்லாட்டில் இரண்டாம் தலைமுறை நொடிக்கு 8 ஜிபி, மூன்றாம் தலைமுறை ஏறக்குறைய 16 ஜிபி, நான்காம் தலைமுறை ஏறக்குறைய 32 ஜிபி கடத்தும். புதிய கார்டு பழைய ஸ்லாட்டிலும் வேலை செய்யும், ஆனால் பழைய வேகத்தில். 16 தடங்களையும் பயன்படுத்தும் கார்டுகளுக்கு இது பெரிய இழப்பு இல்லை.

சிக்கல் தடங்களைக் குறைத்துச் செய்த கார்டுகளில்தான். 2022-இல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 பார்வைக்குப் பழைய கணினிக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கும்: 53 வாட், சிறிய உருவம், தனி வயர் வேண்டாம். ஆனால் அதற்கு நான்கே தடங்கள். நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் நொடிக்கு 8 ஜிபி கிடைப்பதால் சமாளித்துவிடும். 9020-இன் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் அது 4 ஜிபியாகச் சுருங்கும். 2011-இன் ஐ5-2500கே போன்ற இரண்டாம் தலைமுறைக் கணினியில் வெறும் 2 ஜிபி. கார்டின் 4 ஜிபி நினைவகம் நிறைந்து, மீதியைக் கணினியின் ரேமிலிருந்து இழுக்க வேண்டிய நேரத்தில் இந்தக் குறுகிய பாதை காட்சியைத் திக்கித் திணற வைக்கும். வீடியோவைப் பதிவு செய்யும் என்கோடரும் இதில் இல்லை. தான் ஆடுவதை யூடியூபில் நேரலையாகக் காட்ட நினைப்பவருக்கு அது இன்னொரு இடி. அதே குடும்பத்தின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியிலும் இதே கதைதான். தேவைப்படுபவருக்கே பொருந்தாத கார்டு என்பதால், வாங்கும் முன் இதைச் சொல்லிவிடுவது அவசியம்.

பிராசஸரின் எல்லை

நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. அதற்குள் பிராசஸர் கேமின் உலகத்தைக் கணக்கிட்டு, எதை வரைய வேண்டும் என்று கார்டிடம் சொல்லிவிட வேண்டும். அந்த வேலைக்கே பிராசஸர் 20 மில்லிநொடி எடுத்தால், எவ்வளவு பெரிய கார்டு மாட்டினாலும் நொடிக்கு 50 படம்தான். மிச்ச நேரம் கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கும்.

வீட்டிலேயே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கேமின் திரைத் துல்லியத்தை 1080-இலிருந்து 720-க்கு இறக்கிப் பார்க்கலாம். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற எண், நன்றாக ஏறினால், இதுவரை மூச்சு வாங்கியது கார்டு. அதை மாற்றுவதில் பொருள் உண்டு. எண் அப்படியே நின்றால் பிராசஸர்தான் தடை.

கேம்களின் தேவையும் நகர்ந்துகொண்டே போகிறது. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வந்தபோது அது கேட்ட குறைந்தபட்ச இன்டெல் பிராசஸர் ஐ5-3570கே. 2023-ல் அந்த வரம்பு நான்கு கோர், எட்டு திரெட் கொண்ட ஐ7-6700 ஆக உயர்த்தப்பட்டது. ஹார்ட் டிஸ்க் போதாது, எஸ்எஸ்டி வேண்டும் என்றும் ஆனது. ஐ5-4570-இல் நான்கு திரெட் மட்டுமே.

டிரைவர் மென்பொருளும் பிராசஸரின் நேரத்தைத் தின்னும். இன்டெலின் ஆர்க் பி580 இதற்குச் சாட்சி. 2024 டிசம்பரில் 12 ஜிபி நினைவகத்துடன் 249 டாலருக்கு வந்து பாராட்டுப் பெற்ற கார்டு அது. சில வாரங்களில், பழைய பிராசஸர்களோடு சேர்த்துச் சோதித்தவர்கள் அதன் வேகம் கணிசமாகச் சரிவதைக் கண்டார்கள். ஆர்க் கார்டுகளுக்கு ரீசைஸபிள் பார் என்னும் வசதியும் மதர்போர்டில் வேண்டும். இன்டெல் குறிப்பிடும் பத்தாம் தலைமுறைக்கு முந்தைய கணினி வைத்திருப்பவர் ஆர்க் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் கொண்ட மதர்போர்டு வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொடுத்து வைத்தவர்கள். 2018-இன் பி450 மதர்போர்டில் பயாஸைப் புதுப்பித்துவிட்டு ரைசன் 5 5600 வரை ஏறலாம். 2022-இன் 5800எக்ஸ்3டியும் பொருந்தும். அத்தகைய கணினிக்கு 132 வாட்டில் ஓடும் ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டு நல்ல துணை. அது எட்டுத் தடக் கார்டு என்றாலும் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் பெரிதாக எதையும் இழப்பதில்லை.

பெயர்களில் உள்ள பொறி

ஒரே பெயரில் இரு வேறு கார்டுகள் விற்கப்படுவது இந்தத் துறையின் மோசமான பழக்கம். 2017-இல் வந்த ஜிடி 1030-இன் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு வந்ததில் 16.8 ஜிபிதான். ஜிடிஎக்ஸ் 1060-இன் 3 ஜிபி வடிவத்தில் நினைவகம் மட்டுமல்ல, கணக்கிடும் கோர்களும் குறைவு: 1,280-க்குப் பதில் 1,152. ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்பது பெயரில் 580, உள்ளே 570-இன் கோர் எண்ணிக்கை.

செகண்ட் ஹேண்ட் கார்டில் இதைவிடப் பெரிய ஏமாற்று நடக்கும். ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற மிகப் பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று தலையில் கட்டுவார்கள். ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் இத்தகைய போலிகள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். பணம் கொடுக்கும் முன் அதை ஓட்டிப் பார்ப்பது விற்பவரைச் சந்தேகிப்பதாகாது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் கிரிப்டோ நாணயம், கார்டுகளைக் கொண்டு நாணயம் ஈட்டும் சுரங்க முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தையில் குவிந்தன. அவை எல்லாமே வீண் என்று சொல்ல முடியாது. விசிறி ஆடுகிறதா, அரைமணி நேரம் கேம் ஓடியபின் வெப்பம் எங்கே நிற்கிறது, திரையில் புள்ளிகள் தெறிக்கின்றனவா என்று நேரில் பார்த்து வாங்கலாம்.

இன்னொன்று மானிட்டர் வயர். 1050 டிஐ முதலான கார்டுகளில் பழைய விஜிஏ இணைப்புக்கு வேண்டிய அனலாக் சிக்னலே வராது. விஜிஏ மட்டுமே உள்ள மானிட்டருக்கு, சிக்னலை மாற்றித் தரும் அடாப்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எத்தனை நாள் ஓடும்

வேகம் இருந்தும் கதவு மூடப்படும் கேம்கள் வந்துவிட்டன. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் தொடங்குவதே இல்லை. ஜிடிஎக்ஸ் 1650-க்கு அங்கே இடமில்லை. 1050 டிஐ, 1060 உள்ளிட்ட பாஸ்கல் தலைமுறைக்கு, கேம்களுக்கான புதிய டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடியும் என்று என்விடியா அறிவித்தது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் பிராசஸர்களின் பட்டியலில் நான்காம் தலைமுறை இல்லை.

ஆக 9020 வைத்திருப்பவர் முன்னால் இருப்பது இரண்டு நியாயமான வழிகள். ஜிடிஏ 5, வேலரன்ட் போன்றவைதான் ஆசை என்றால், சோதித்து வாங்கிய பழைய 1650 ஒன்று போதும். ஓரிரு ஆண்டில் வேறு கணினிக்கு மாறும் எண்ணம் இருந்தால் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-க்குக் கூடுதலாகச் செலவிடலாம். அதில் ரே டிரேசிங் வன்பொருளும், குறைந்த துல்லியத்தில் வரைந்த காட்சியைப் பெரிதாக்கித் தரும் டிஎல்எஸ்எஸ் வசதியும் உண்டு. தனி வயர் கேட்காது. பழைய பெட்டியிலிருந்து கழற்றி, அடுத்து வாங்கும் கணினியில் அப்படியே மாட்டிக்கொள்ளலாம்.