தட்டைத் திருப்பிப் பாருங்க

இந்த எபிசோட் குற்றாலத்துல ஆரம்பிச்சிருக்கணும். சீசன் கூட்டத்துல மெயின் அருவி பக்கமே நெருங்க முடியல. சரின்னு தென்காசியில இருக்குற காலேஜ் நண்பன் வீட்டுக்குப் போயிட்டேன். அங்க பரண்ல இருந்து ஆறு பீங்கான் தட்டு இறங்கியிருந்தது. பூப்போட்ட தட்டு, ஓரத்துல தங்கக் கோடு. பழைய சாமான் வாங்குறவர் ஒருத்தர் "நூறு வருஷத்து ஜப்பான் சரக்கு, கையால வரைஞ்சது"ன்னு விலை பேசிட்டுப் போயிருக்கார்.

வீட்டுல அதுக்கு ஒரு கதையும் உண்டு. 1942 பிப்ரவரியில சிங்கப்பூர் ஜப்பான்கிட்ட விழுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, நண்பனோட நன்னா அங்கிருந்து கப்பல் ஏறி வந்தாராம். அப்போ கொண்டு வந்த தட்டு இது. நம்புற மாதிரியான கதைதான். தென்காசி, கடையநல்லூர்ல இருந்து சிங்கப்பூர் போன முஸ்லிம் குடும்பங்கள் அவ்வளவு. கடையநல்லூர்க்காரங்க 1946-ல அங்க உமறுப்புலவர் பேர்ல தமிழ்ப் பள்ளியே தொடங்கினாங்க.

நான் தட்டைத் திருப்பினேன்.

பீங்கான்ல தட்டு செஞ்சவர் வேற, படம் வரைஞ்சவர் வேறயா இருக்கலாம். பிரான்ஸ்ல லிமோஜ் ஊர் ஆலைகள் வெள்ளைத் தட்டாவே வித்தாங்க. வேற பட்டறைகள் அதை வாங்கிப் படம் வரைஞ்சாங்க. அதனால பின்பக்கம் ரெண்டு முத்திரை இருக்கும். ஆலையோடது கண்ணாடி மாதிரியான மெருகுக்கு அடியில, பெரும்பாலும் பச்சையில. நகத்தால தடவினா வழுக்கும். வரைஞ்ச பட்டறையோடது மெருகுக்கு மேல, நிறைய நேரம் சிவப்புல. நகத்துல லேசாத் தட்டுப்படும், போட்டுத் தேய்ச்சா அழிஞ்சும் போகும். பிரெஞ்சு அரச ஆலை இன்னும் ஒரு படி மேல. 1753-ல இருந்து வருஷத்துக்கு ஒரு எழுத்து, கூடவே ஓவியருக்குன்னு தனி அடையாளம். 18-ம் நூற்றாண்டு கிட் பிளேம்னு வச்சுக்கோங்க.

இந்த ஆறு தட்டுலயும் அடிவளையத்துக்கிட்ட மூணு சிவப்புப் புள்ளி. நகத்துலயும் தட்டுப்பட்டுச்சு. ஓவியர் அடையாளமேதான்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் தேடினேன். காலையில நன்னிம்மாகிட்ட காட்டினா சிரிக்கிறாங்க. "கல்யாண வீட்டுக்கு இரவல் குடுத்தா மாறிப் போயிரும்ல தம்பி, அதுக்கு நான் நெயில் பாலிஷ்ல வச்ச பொட்டு."

சரி, உண்மையான முத்திரைக்கு வருவோம். ஒரு ரோஜா, ‘ரோஸ் சைனா’, கீழ ‘மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்’. அமெரிக்கச் சட்டப்படி 1891-ல இருந்து இறக்குமதிப் பொருள்ல நாட்டுப் பேர் இருக்கணும். ஜப்பான் ஆலைகள் முதல்ல ‘நிப்பான்’னு போட்டாங்க. 1921-ல அந்தப் பேர் செல்லாதுன்னு ஆனதும் ‘ஜப்பான்’. போர்ல தோத்து அமெரிக்கப் படை உள்ள இருந்தப்போ, 1947-ல இருந்து 1952 வரைக்கும், பல ஏற்றுமதிப் பொருள்ல ‘ஆக்குபைட் ஜப்பான்’. ரோஸ் சைனா யாருன்னா, நோரிடாகே கம்பெனிதான். போர் அப்போதான் முடிஞ்சிருந்தது. பழைய தரத்துக்குச் செய்ய முடியல, அதனால 1946-ல இருந்து 1948 வரைக்கும் தன் பேரைப் போடாம இந்தப் பேர்ல வித்தாங்க. எனக்கு இது ரொம்பப் பிடிச்சது.

ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா, தட்டு செஞ்சது 1947 இல்லன்னா 1948. வியாபாரி சொன்ன நூறும் தப்பு, வீட்டுக் கதையும் தப்பு.

கையால வரைஞ்சதா? ஆறையும் வரிசையா வச்சு போன் டார்ச் அடிச்சேன். பூவோட வெளிக்கோடு ஆறுலயும் அச்சு அசல் ஒண்ணு, அது பிரின்ட். உள்ள வண்ணம் மட்டும் கையால நிரப்பினது. நாலு தட்டுல தூரிகை நடுவுல இருந்து வெளியே இழுத்திருக்கு, ரெண்டுல வெளியே இருந்து உள்ளே. ரெண்டு பேராவது உட்கார்ந்து வரைஞ்சிருக்கணும்னு தோணுது. பேர் எங்கயும் இல்ல.

நன்னிம்மாகிட்ட வருஷத்தைச் சொல்லலாமா வேண்டாமான்னு நண்பனுக்கு ஒரே தயக்கம். கடைசியில அவனே சொல்லிட்டான். அவங்க கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தாங்க. "அப்ப சண்டை முடிஞ்சு மறுபடி போயிட்டு வந்தாகள்ல, அப்பக் கொண்டாந்திருப்பாக. மொதத் தடவ வெறுங்கையோட வந்தத எங்கிட்ட சொல்ல வெக்கம்."

தட்டு விக்கல. உங்க வீட்டுப் பரண்லயும் இருந்தா பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்க. அதுக்கு முன்னாடி தேங்காய் நார் போட்டுத் தேய்ச்சிடாதீங்க.