கூடை போட்டவள்

சென்ற பருவத்தில் முதுகலை மாணவி ஒருத்தி ஒயர் கூடையோடு வகுப்புக்கு வந்தாள். சிவப்பும் வெள்ளையும் கலந்த சின்னக் கூடை. உள்ளே தண்ணீர் பாட்டில், சார்ஜர், ஒரு உரைநூல். “நல்லாருக்கா மேம்? ஆன்லைன்ல எண்ணூத்தம்பது ரூபா” என்றாள். நன்றாகவே இருந்தது. யார் போட்ட கூடை என்று கேட்டேன். விற்ற கடையின் பெயரைச் சொன்னாள். நான் கேட்டது வேறு.

1996இல் நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது, அம்மா பச்சையும் மஞ்சளுமான ஒயர் கூடையில் முறுக்கும் புளிச்சாதமும் ஊறுகாய் பாட்டிலும் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். அறைத்தோழிகளிடம் ரெக்சின் பைகள் இருந்தன. கூடையை வாசலில் காவலரிடமே வைத்துவிட்டு வரச் சொன்னேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை கேரி பேக்கில் கொண்டுவந்தாள். அந்தக் கூடை அவளே போட்டது.

பைகளின் வரலாற்றைப் பெண்களின் வரலாறாக வாசிக்கலாம் என்பதை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். 1979இல் எலிசபெத் ஃபிஷர் ஒரு கருத்தை முன்வைத்தார்: மனிதர்கள் முதலில் செய்துகொண்ட கருவி ஈட்டியாக இருந்திருக்க வேண்டியதில்லை, சேகரித்ததைச் சுமந்துவரும் கொள்கலனாக இருந்திருக்கலாம். இதை அடியொற்றி 1986இல் உர்சுலா லெ குயின் புனைகதையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். வேட்டைக்காரனுக்குக் கதை கிடைத்தது, தானியம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தவளுக்குக் கிடைக்கவில்லை என்பது அதன் சாரம்.

நம் வீடுகளிலும் அப்படித்தான். என் பாட்டியின் இடுப்பில் சுருக்குப்பை இருந்தது. வெற்றிலை, பாக்கு, சில்லறை. சட்டைப்பை இல்லாத உடம்புக்கு அவளே தைத்துக்கொண்ட பை அது. சிறுவாட்டுக் காசு அங்கேதான் கிடந்தது. தாத்தா கேட்டாலும் அவிழ்க்கமாட்டாள். அம்மாவின் தலைமுறையில் சுருக்குப்பை போய்விட்டது. காசு முந்தானை முடிச்சுக்கும் அரிசிப் பானைக்கும் இடம் மாறியது.

ஆண்களிடம் இருந்தது மஞ்சப்பை. ஜவுளிக்கடையில் கல்யாணத்துணி எடுத்தால் கிடைப்பது. பத்திரம், பத்திரிகை, பணம் எல்லாம் அதில் சுருட்டிக் கக்கத்தில் வைக்கப்பட்டு ஊர் ஊராகப் பயணம் செய்தன. பிறகு அதே பை பட்டிக்காட்டான் என்பதற்கு அடையாளமாகிக் கேலிக்குள்ளானது. நம் சினிமாவில் மஞ்சப்பையோடு பட்டணத்தில் வந்து இறங்குபவன் பெரும்பாலும் ஆண். பெண் பை தூக்கினால் ரேஷன் கடைக்குப் போகிறாள் என்றுதான் அர்த்தம். அதில் கதை இல்லை.

கல்யாணத்தில் தேங்காயும் வெற்றிலையும் வைத்துக் கொடுக்கும் தாம்பூலப்பையில் மணமக்கள் பெயரை அச்சிடுவார்கள். அம்மாவின் பெயர் அச்சில் வந்தது இரண்டே முறை: கல்யாணப் பத்திரிகையிலும் அந்தப் பையிலும். மிச்சமிருந்த பைகளை அவள் ரேஷன் சர்க்கரைக்கும் மளிகைக்கும் எடுத்துப்போனாள். துவைக்கத் துவைக்க எழுத்து போய்விட்டது.

ஒயர் கூடை, நானறிந்த பெண்கள் தாங்களே போட்டுத் தாங்களே எடுத்துச்சென்ற பை. மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவியதும் எங்கள் தெருத் திண்ணைகளில் ஒயர் கட்டுகள் பிரியும். நெல்லிக்காய், பிஸ்கட், சிவன் கண் என்று பின்னல்களுக்குப் பெயர்கள் உண்டு. புத்தகம் கிடையாது, ஒருத்தி போடுவதைப் பார்த்து இன்னொருத்தி போடுவாள். எண்ணிக்கை ஒன்று தவறினால் முழுக்கப் பிரிக்க வேண்டும். அம்மா கூலிக்கும் போட்டாள். என் தேர்வுக் கட்டணத்தில் அந்தக் காசும் இருந்தது. வீட்டில் அதற்குப் பெயர் ‘பொழுதுபோக்கு’. வீட்டுவேலை செய்யும் பெண்ணை நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வேலை செய்யாதவர் பட்டியலில்தான் வைக்கிறது.

ஸ்வீடனின் செலோபிளாஸ்ட் நிறுவனத்துக்காக ஸ்டென் குஸ்டாஃப் துலின் வடிவமைத்த, கைப்பிடியோடு ஒரே துண்டாக அமைந்த பிளாஸ்டிக் பைக்கு 1965இல் காப்புரிமை கிடைத்தது. அதன் வாரிசுகள் எங்கள் ஊர்க் கடைகளுக்கு வந்துசேர்ந்தபோது பெண்களுக்கும் அது ஆசுவாசமாகத்தான் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. துவைக்க வேண்டாம், காயவைக்க வேண்டாம், மறந்துபோனாலும் கடையில் கிடைக்கும். அந்த ஆசுவாசத்தின் விலையைப் பின்னால் சாக்கடைகளும் மாட்டின் வயிறுகளும் கொடுத்தன.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் எந்திரம் வந்தது. கேலிக்குரிய பை கௌரவம் பெற்றதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ‘வீட்டிலிருந்து பை எடுத்து வாருங்கள்’ என்ற வாக்கியத்தில் வீடு என்பது யார்? என் வீட்டில் பையைத் துவைத்து, மடித்து, கதவுக்குப் பின்னால் மாட்டி, கடைக்குப் போகிறவர் கையில் நினைவாகக் கொடுப்பது நான். இருவரும் சம்பாதிக்கிறோம். நினைவு வைத்துக்கொள்ளும் வேலை மட்டும் பங்கு பிரிக்கப்படவில்லை.

நாகரிகமும் அதற்கு முன்பே பையைக் கண்டெடுத்திருந்தது. 2007இல் லண்டனில் ஆன்யா ஹிண்ட்மார்ச் ‘நான் பிளாஸ்டிக் பை அல்ல’ என்று எழுதி விற்ற துணிப்பைக்குக் கூட்டம் வரிசையில் நின்றது. இன்று எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் ஒரு துணிப்பை தருகிறார்கள். என் அலமாரியில் பத்தொன்பது இருக்கின்றன. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, எல்லாச் சூழல் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், சாதாரணப் பருத்திப் பையை 7,100 முறை பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பையைவிட மேல். பருவநிலை பாதிப்பை மட்டும் கணக்கிட்டால் 52 முறை போதும். எப்படிப் பார்த்தாலும் பத்தொன்பது பை வைத்திருப்பவள் தோற்றவள். ஒரே தாம்பூலப்பையை எழுத்து அழியும்வரை சுமந்தவளிடம் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவியின் கூடையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். விலையைக் கேட்டுச் சிரித்தாள். “எனக்கு இருபது ரூபா குடுத்தாங்க. அதுலயும் கைப்பிடி கோணலா இருக்குன்னு ரெண்டு ரூபா பிடிச்சுக்கிட்டாங்க.” எந்த வருடம் என்று நினைவில்லை. கோணல் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. “இழுத்து இழுத்து விரல் வெடிச்சிரும். தேங்காயெண்ணெய் தடவிட்டுதான் உனக்குத் தலை பின்னுவேன்.” எனக்கு அந்த எண்ணெய் வாசம் நினைவிருந்தது. வெடிப்பு தெரியாது.

அந்த மாணவியைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் வாசலில் விடச் சொன்னதை அவள் வகுப்புக்குள் கொண்டுவந்திருக்கிறாள். எண்ணூற்றைம்பதில் போட்டவளுக்கு எவ்வளவு போனது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. கடைக்கு எழுதிக் கேட்டாள், பதில் வரவில்லை. இந்தப் பருவத்தின் கள ஆய்வுக்கு வேறு தலைப்பு வைத்திருந்தேன், மாற்றிவிட்டேன். அவரவர் தெருவில் கூடை போட்ட ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, பெயர், கற்றுக்கொடுத்தவர் பெயர், வாங்கிய கூலி மூன்றையும் எழுதி வர வேண்டும். முதல் வாரத்திலேயே நான்கு பேர் வந்து சொன்னார்கள்: “மேம், தேட வேண்டியதில்ல. எங்க வீட்லயே இருக்காங்க.”