காடும் கூலியும்: ஊவா மலைநிலம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அருகிவரும் உயிரினங்களைக் காப்பதா, உழைப்போரின் பிழைப்பைக் காப்பதா என்னும் வினா இன்று உலகின் பல பாகங்களிலும் எழுப்பப்படுகின்றது. 1990 இல் அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் வாழும் புள்ளி ஆந்தைக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கப்பட்டபோது, மரந்தறிக்கும் தொழிலாளரும் இயற்கைப் பாதுகாவலரும் எதிரெதிர் அணிகளில் நின்றனர். பதுளை மாவட்டத் தோட்டங்களிலும் இவ்வினா வேறொரு வடிவில் உண்டு. ஆயின், காட்டை அழித்தது யாருடைய தேவை என்பதை ஆராயாது இதற்கு விடை காணுதல் இயலாது.

1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரமற்ற காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசுடைமையெனக் கொண்டது. 1844 வரை அந்நிலம் ஏக்கர் 5 சிலிங் என்ற அடிப்படை விலைக்கே கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. காடு வெட்டுதலைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் ஒப்பந்தத்திற் செய்தனர். நடுதலும் பறித்தலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தலையில் விழுந்தன. இரு சாராரும் கூலி பெற்றனரேயன்றி, நிலம் பெற்றாரல்லர். 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1893 இல் ஹப்புத்தளையையும் 1924 இல் பதுளையையும் புகையிரதம் எட்டியது.

வனவிலங்குகளின் அழிவும் இதனோடு இணைந்ததே. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் ஏறத்தாழ 1,400 யானைகளைச் சுட்டுக் கொன்றவரெனப் பேசப்படுபவர். 1845 இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். அக்காலத்தில் யானையைக் கொல்வது குற்றமன்று. அரசாங்கமே அதற்குச் சன்மானமும் வழங்கியது.

பாதுகாப்பு உணர்வு பிந்தியே வந்தது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காக்குமாறு தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873 இல் வற்புறுத்தினார். 1937 இல் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1938 இல் ஹப்புத்தளையின் தங்கமலை சரணாலயமாயிற்று. ஹோட்டன் சமவெளி 1988 இல் தேசிய பூங்காவாயிற்று. இவை வரவேற்கத்தக்கனவே. எனினும், இலாபம் ஈட்டியோர் ஈட்டி முடித்த பின்னர் எழுந்த இச்சட்டங்களின் பாரம், விறகுக்கும் காய்கறிப் பாத்திக்கும் காட்டோரத்தை நாடும் தொழிலாளி மீதே பெரிதும் இறங்கிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. 1948 இல் அவர்களிற் பெரும்பாலானோர் பிரசாவுரிமையையும் இழந்தனர். 1972, 1975 ஆம் ஆண்டுகளிற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறினவேயொழிய, லயத்து மக்களின் நிலமற்ற நிலை மாறவில்லை.

இன்று மலைநாட்டுச் சிறுத்தைகள் தேயிலைக்கிடையே எஞ்சிய காட்டுத் துண்டங்களில் வாழ்கின்றன. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு அவற்றுக்கும் எமனாகின்றது. 2020 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தின் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று இவ்வாறு சிக்கி மாண்டதை நாடறியும். சுருக்கு வைத்தல் குற்றமே; அதனை நியாயப்படுத்துதல் எமது கருத்தன்று. ஆனால், பன்றி ஓரிரவிற் கிளறிவிடும் பாத்தி, குறைந்த நாட்சம்பளத்தில் வாழும் குடும்பமொன்றின் ஒரு மாதக் கறியாக இருக்கக்கூடும். தண்டனை மட்டும் அக்குடும்பத்தைக் காட்டின் நண்பனாக்குமா?

எனவே, சிறுத்தைக்கும் தொழிலாளிக்கும் இடையிலுள்ள பகை இயற்கையானதன்று. நிலவுடைமை வரலாறு தோற்றுவித்ததாகும். கைவிடப்பட்ட தேயிலை நிலத்தில் விறகு மரங்கள் நடப்படுதல் வேண்டும். பாத்திகளுக்கு வேலி அமைய உதவி கிட்டுதல் வேண்டும். வனக்காவற் பணிக்கு அம்மலையையே நன்கறிந்த தோட்டத்து இளைஞர் சேர்க்கப்படுதல் வேண்டும். அனைத்திற்கும் மேலாக வீட்டுக்கும் பாத்திக்கும் உரிமைப் பத்திரம் கிடைத்தல் வேண்டும். நூற்றெண்பது ஆண்டுகளாகப் பிறர் நிலத்திற் கூலியாக நின்றவனிடம், தனக்கென ஒரு பிடி மண்ணும் தராது, காடு உனது செல்வம், அதனைக் காப்பாயாக என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?