விரலைக் கேட்டு வாங்குங்கள்!

1777-ம் வருடம், அக்டோபர் மாதம். ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரம். யோஹன் ஆண்ட்ரியாஸ் ஸ்டைன் என்கிற பியானோ தயாரிப்பாளரின் வீட்டுக்கு, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் மகனோடு ஓர் இளைஞன் வந்து நின்றான். ''இவர் கீபோர்டு வாசிப்பதில் பெரிய புலி'' என்று அறிமுகம் நடந்தது. இளைஞனோ, ''ஐயையோ, அதெல்லாம் இல்லீங்க... நான் ம்யூனிக்கில் ஒருத்தர்கிட்ட பாடம் படிக்கிற சாதாரண மாணவன்'' என்று பவ்யமாகச் சொன்னான்.

ஸ்டைனுக்குச் சந்தேகம். ''நீங்கள் மொசார்ட் இல்லையே?'' என்று கேட்டேவிட்டார்.

''சேச்சே, என் பேர் ட்ராஸோம்!''

மொசார்ட் என்ற பெயரை அவர்களுடைய எழுத்தில் கடைசியிலிருந்து திருப்பிப் படித்தால் வருவதுதான் ட்ராஸோம்! கொண்டுவந்த கடிதத்தைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் ஸ்டைனுக்கு விஷயம் புரிந்தது. சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, இளைஞனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்போது மொசார்ட்டுக்கு வயது 21.

குறும்பு இருக்கட்டும். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் நடந்ததுதான் நமக்கு முக்கியம். பாட்டு படிக்கும் பிள்ளைக்கு பியானோ வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று நினைக்கிற அப்பா, அம்மா எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரம் அது.

பியானோ அப்போது சின்ன வயசுக்காரி! இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி என்பவர் 1700 வாக்கில் உருவாக்கிய வாத்தியம். அதற்கு முன்னால் கோலோச்சிய ஹார்ப்சிகார்டில், கட்டையை அழுத்தினால் ஒரு சின்ன இறகுத் தண்டு கம்பியை மீட்டும். தடவினாலும் குத்தினாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பியானோவில் மீட்டல் கிடையாது. ஒரு குட்டிச் சுத்தியல் கம்பியைத் தட்டும். மெள்ள அழுத்தினால் மெல்லிய ஒலி, ஓங்கி அடித்தால் பெரிய ஒலி. வாசிப்பவரின் மனசு விரல் வழியாகக் கம்பிக்குப் போக ஆரம்பித்தது அப்போதுதான்.

ஆனால், அங்கேயேதான் சிக்கலும். தட்டிய சுத்தியல் உடனே பின்வாங்கவேண்டும். இல்லாவிட்டால் கம்பியிலேயே ஒட்டிக்கொண்டு ஒலியை நசுக்கும். அல்லது துள்ளி இன்னொரு தரம் தட்டும். ஸ்டைன் இதற்கு ஒரு விடுவிப்பு அமைப்பு வைத்திருந்தார். கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தாலும் சரி, விட்டாலும் சரி... சுத்தியல் தன் வேலையை முடித்துவிட்டு இறங்கிவிடும்.

அக்டோபர் 17-ம் தேதி அப்பா லியோபோல்டுக்கு எழுதிய கடிதத்தில் மொசார்ட் இதையெல்லாம் புட்டுப் புட்டு வைக்கிறார். ஓங்கி அடித்துப் பார்த்தாராம், விரலை வைத்திருந்தும் எடுத்தும் பார்த்தாராம். எப்படி வாசித்தாலும் ஒலி ஒரே சீராக வருகிறது. ஒன்று கரகரப்பு, ஒன்று பலவீனம், ஒன்று ஊமை என்கிற கதையே இல்லை. எப்போது நிறுத்த நினைக்கிறாரோ, அந்த நொடியே ஒலி நிற்கிறது. இந்த விடுவிப்பு அமைப்புக்காக மெனக்கெடுகிறவர் நூற்றில் ஒருவர்தான் என்றும் எழுதுகிறார். இன்னொரு தகவல்: ஒலிப்பலகையைச் செய்ததும் ஸ்டைன் அதை வெயில், மழை, பனியில் போட்டுவிடுவாராம். வெடிக்கவேண்டியது அப்போதே வெடித்துத் தொலையட்டும்! பிறகு விரிசலில் ஆப்பு வைத்து ஒட்டிவிட்டால், வாங்குபவர் வீட்டில் போய் வெடிக்காதே!

கவனித்தீர்களா? பளபளப்பு, அலங்காரம், மரத்தின் அழகு பற்றி மொசார்ட்டுக்கு அக்கறை இல்லை. ஒலி சீராக இருக்கிறதா, சொன்ன நேரத்தில் நிற்கிறதா, சுத்தியல் உடனே திரும்புகிறதா, பலகை தாங்குமா? இதுதான் அவர் பார்த்தது.

விலை? அந்த மாதிரி பியானோவை 300 குல்டனுக்குக் குறைத்து ஸ்டைன் தரமாட்டார். ஸால்ஸ்பர்க் அரண்மனையில் மொசார்ட்டுக்குக் கிடைத்துவந்த சம்பளம் வருடத்துக்கு 150 குல்டன். அதாவது, இரண்டு வருடச் சம்பளம்! அந்த வேலையையும் விட்டுவிட்டுப் பிழைப்பு தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த நேரம் அது. பியானோவின் அருமை தெரிந்த மனிதர், வாசித்துவிட்டு வெறுங்கையோடு கிளம்பினார். சொந்தமாக ஒன்று வாங்கியது பின்னாளில் வியன்னாவில் குடியேறிய பிறகுதான். அது ஆன்டன் வால்டர் என்பவர் செய்தது. கச்சேரிகளுக்காக அந்த பியானோ வீட்டிலிருந்து வெளியே போவதும் வருவதுமாக இருந்ததை, 1785-ல் மகனைப் பார்க்கப் போன லியோபோல்டு ஆச்சரியத்தோடு மகளுக்கு எழுதியிருக்கிறார். குறைந்தது 12 தடவையாம்!

சரி, பியானோ இல்லாமலா மொசார்ட் மேதையானார்? அதற்கும் பதில் இதே ஸ்டைன் பட்டறையில்தான் இருக்கிறது. 14 வருடம் பின்னால் போகவேண்டும். 1763-ல் லியோபோல்டு, மனைவி, மகள் நானர்ல், 7 வயது மகன் ஆகியோருடன் ஐரோப்பியப் பயணம் கிளம்பினார். ஆக்ஸ்பர்க் அவருடைய சொந்த ஊர். அங்கே ஸ்டைனிடம் ஒரு குட்டிக் கீபோர்டு வாத்தியம் வாங்கினார். எதற்கு? வழியில் பிள்ளைகள் சாதகம் செய்ய! பெரிய வாத்தியத்தை வண்டியில் ஏற்ற முடியாது; பழக்கமும் விட்டுப்போகக் கூடாது. அந்த வயதுக்கு, அந்தப் பயணத்துக்கு அது போதும் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு நேர் எதிரான கதையும் அந்த வீட்டிலேயே உண்டு. ஸ்டைனின் மகள் நானெட். 1777-ல் அவளுக்கு 8 வயது. அப்பா பியானோ செய்கிறவர். ஐரோப்பாவின் மிகச் சிறந்த வாத்தியங்கள் அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில். ஊரெல்லாம் அவளை மெச்சுகிறது. மொசார்ட் உட்கார்ந்து கேட்டார். அப்பாவுக்குக் கடிதம் போனது... தாறுமாறான விமர்சனம்! நடுவில் உட்காராமல் ஓரமாக உட்காருகிறாள், கண்ணை உருட்டுகிறாள், கையைத் தேவையில்லாமல் உயரத் தூக்குகிறாள், எல்லாவற்றையும்விடத் தாளம் கைகூடவில்லை! 'இப்படியே போனால் உருப்படாது, ஆனால் இவளிடம் திறமை இருக்கிறது' என்பது தீர்ப்பின் சாரம். இது பற்றி ஸ்டைனோடு இரண்டு மணி நேரம் பேசி, அவரை ஒப்புக்கொள்ளவும் வைத்துவிட்டார்.

வாத்தியம் வாத்தியார் ஆகிவிடாது. 8 வயதுக் குழந்தை முதுகை வளைத்து உட்கார்ந்தால், பியானோ வாய் திறந்து சொல்லாது. காசைக் கொட்டி வாங்கும் பெற்றோர் பலர் மறந்துபோவது இதைத்தான்.

நானெட் என்ன ஆனாள்? அப்பா 1792-ல் இறந்ததும் பட்டறைப் பொறுப்பை ஏற்றாள். 1794-ல் ஸ்ட்ரைஷர் என்ற இசைக்காரரை மணந்து, தொழிலோடு வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தாள். பெண் பெயரில் கம்பெனி நடப்பது அபூர்வமான அந்தக் காலத்தில், 'நானெட் ஸ்ட்ரைஷர்' என்ற பெயரே பியானோக்களின் மேல் பொறிக்கப்பட்டது!

அவளுடைய வீட்டுக்கு நெருக்கமானவர்களில் ஒருவர் பீத்தோவன். 1796-ல் ஸ்ட்ரைஷர்களின் பியானோ ஒன்றை வாசித்துவிட்டு அவர் சொன்னது விசித்திரமானது: 'எனக்கு இது ரொம்ப நல்ல பியானோ. என் ஒலியை நானே உருவாக்கிக்கொள்ளும் சுதந்திரத்தைப் பறித்துவிடுகிறது!' 1817-ல் காது மங்கிப்போன நிலையில், தனக்காக ஒரு பியானோவை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமாக ஒலிக்கும்படி சரிசெய்து தரச் சொல்லி நானெட்டுக்கு எழுதினார். அதே வீட்டு பியானோதான். ஆள் மாறியதால் அல்ல, ஆளின் தேவை மாறியதால் கேள்வியும் மாறியது.

இன்றைய பியானோ ஸ்டைனின் பியானோ இல்லை. 88 கட்டைகள், கிட்டத்தட்ட 230 கம்பிகள், இழுவிசையைத் தாங்க இரும்புச் சட்டம் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் பரீட்சை பழையதுதான். பழைய பியானோ வாங்கப் போகிறீர்களா? ஒவ்வொரு கட்டையையும் மெள்ள அழுத்திப் பாருங்கள். ஓசை சீராக வரவேண்டும். ஒரே கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பதில் சொல்லவேண்டும். விரலை எடுத்ததும் ஒலி நிற்கவேண்டும். ஒலிப்பலகையில் விரிசல் இருந்து கரகரத்தால் யோசியுங்கள். சுருதி முளைகள் இறுக்கமாக இல்லாவிட்டால் சுருதி நிற்காது. சுருதி சேர்க்கிறவர் ஒருவரைக் கையோடு கூட்டிப் போவது நல்லது. அவருக்குக் கொடுக்கிற கூலி, பிறகு ரிப்பேருக்கு அழுவதைவிடக் குறைவுதான். கடற்காற்று அடிக்கும் ஊரென்றால் ஜன்னலோரமாக வைக்கவே வைக்காதீர்கள். ஈரத்தில் மரம் ஊதும், சுருதி ஓடும். அவ்வளவு காசில்லையா? 88 கட்டைகளும், அழுத்தினால் நிஜ பியானோ போல எடை தெரிகிற அமைப்பும் உள்ள டிஜிட்டல் பியானோ ஆரம்பத்துக்குத் தாராளமாகப் போதும். லியோபோல்டு வாங்கியதும் அப்படி ஒரு 'இப்போதைக்கு இது'தானே!

மறக்காமல் ஒன்று செய்யுங்கள். கடைக்குப் போகும்போது குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பவர் சொல்லும் பேரையும் பெருமையையும் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டைகளின் முன்னால் உட்காரவேண்டியது மட்டும் அந்தச் சின்ன விரல்கள்தான்.