குரல் கம்மினா தூசிதான் காரணமா? புற்றுநோயாளிகளுக்கு வரும் குரல்நாண் முடக்கம்: அறிகுறி என்ன, சிகிச்சை உண்டா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் வேலை பார்ப்பவர்களுக்குத் தொண்டை கரகரப்பு புதுசு இல்லை. ‘தூசி போயிடுச்சு’, ‘நைட் ஷிஃப்ட் ஒத்துக்கல’ என்று மிளகுப் பாலோடு விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அது சரியாகியும் விடும்.

ஆனால் 3 வாரம் தாண்டியும் குரல் திரும்பவில்லை என்றால்? அதுவும் அவர் ஏற்கெனவே புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர் என்றால்? ‘கீமோ களைப்பு, போகப் போக சரியாகும்’ என்று வீட்டில் இருப்பவர்கள் நினைப்பது இயல்புதான். ஆனால் அது குரல்நாண் முடக்கமாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. கவனித்தால், நோய் முற்றிய நிலையில்கூட குரலை ஓரளவு மீட்க முடியும்.

குரல்நாண் முடக்கம் என்றால் என்ன?

நம் குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. மூச்சு விடும்போது விலகும், பேசும்போது ஒன்றோடு ஒன்று சேர்ந்து அதிரும். சாப்பிடும்போது இறுக மூடி, உணவும் தண்ணீரும் நுரையீரலுக்குள் போகாமல் தடுக்கும்.

இவற்றை அசைப்பது நரம்பு. அந்த நரம்பு பாதிக்கப்பட்டால் குரல்நாண் அசையாமல் அப்படியே நின்றுவிடும். இரண்டும் சேராததால் நடுவில் இடைவெளி விழும். பேச்சு பாதி, காற்று பாதி என்றுதான் வெளியே வரும்.

நுரையீரலில் கட்டி, குரலில் பாதிப்பு... எப்படி?

பலரையும் குழப்பும் கேள்வி இது. விடை, அந்த நரம்பு போகும் பாதையில் இருக்கிறது.

மூளையிலிருந்து இறங்கும் நரம்பு நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. இடது பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் சுற்றி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே மறுபடி மேலே ஏறுகிறது. வலது பக்க நரம்பு அவ்வளவு தூரம் இறங்காமல், தோள்பட்டை அருகிலேயே திரும்பிவிடும்.

இந்த நீண்ட பாதையில் எங்கே கட்டி அழுத்தினாலும் குரல் போகும். நுரையீரல், தைராய்டு, உணவுக்குழாய் புற்றுநோய்களில் இது நடக்கலாம். மார்பகப் புற்றுநோயும் லிம்போமாவும் நெஞ்சுக்குள் உள்ள நெறிக்கட்டிகளுக்குப் பரவினாலும் நடக்கலாம். பாதை நீளம் என்பதால் இடது பக்கம்தான் அதிகம் பாதிக்கப்படுகிறது.

சிகிச்சையாலும் வரலாம். தைராய்டு, உணவுக்குழாய் அறுவை சிகிச்சையின்போது நரம்பு பாதிக்கப்படுவது உண்டு. கதிர்வீச்சு முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். வின்கிரிஸ்டின் போன்ற சில கீமோ மருந்துகளாலும் அரிதாக ஏற்படும்.

எல்லா கரகரப்பும் புற்றுநோயா?

இல்லவே இல்லை. கூகுள் நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜ், கடும் சளிக்குப் பிறகு தன் இடது குரல்நாண் முடங்கியதாக 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். எத்தனையோ பரிசோதனை செய்தும் சரியான காரணம் தெரியவில்லை என்றார். வைரஸ் தொற்று, காசநோய் போன்றவையும் காரணமாகலாம்.

அதே நேரம், ஆலைத் தொழிலாளர்கள் இதை அலட்சியமாக விடக்கூடாது. இரும்பு, எஃகு வார்ப்பாலைப் பணியையும் வெல்டிங் புகையையும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை. புகைப்பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

இந்த அறிகுறிகள் இருக்கா?

• குரல் காற்றோட்டமாக, பலவீனமாக வருவது
• நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்குவது
• தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரை ஏறுவது
• பலமாக இரும முடியாமல் போவது

புரை ஏறினால் ‘யாரோ நினைக்கிறாங்க’ என்று தலையில் தட்டுவது நம்ம ஊர் வழக்கம். ஆனால் புற்றுநோயாளிக்கு அடிக்கடி புரை ஏறினால் விஷயமே வேறு. தண்ணீரும் எச்சிலும் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். கீமோவால் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும் நேரத்தில் அது உயிருக்கே உலை வைக்கும்.

இரண்டு குரல்நாணும் முடங்கினால் நிலைமை வேற மாதிரி. குரல் ஓரளவு நன்றாகவே இருக்கும். ஆனால் காற்று போகும் வழி குறுகி, மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் கேட்கும். அப்படி இருந்தால் காத்திருக்கவே கூடாது, உடனே 108-ஐ அழையுங்கள்.

என்ன சிகிச்சை?

காது மூக்கு தொண்டை மருத்துவர் மெல்லிய கேமரா குழாயை மூக்கு வழியாக விட்டு, சில நிமிடங்களிலேயே முடக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார். காரணம் தெரியாவிட்டால் கழுத்து முதல் நெஞ்சு வரை சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும்.

ஊசி: முடங்கிய குரல்நாணுக்குள் ஜெல் போன்ற பொருளைச் செலுத்தி, அதை நடுப்பக்கம் தள்ளுவார்கள். பலருக்கு மரத்துப்போகும் மருந்து மட்டும் கொடுத்தே செய்யலாம். பலன் உடனே தெரியும், சில மாதங்கள் நீடிக்கும். பெரிய ஆபரேஷனைத் தாங்க முடியாதவர்களுக்கும் பொருந்தும்.

தைரோபிளாஸ்டி: ஜப்பான் மருத்துவர் இஷிகி 1974-ல் விவரித்த முறை. குரல்வளைக் குருத்தெலும்பில் சின்ன ஜன்னல் போல வெட்டி, உள்ளே ஒரு துண்டை வைத்துக் குரல்நாணை நகர்த்துவார்கள். நோயாளி விழித்திருப்பார். அவரைப் பேசவிட்டு, குரலைக் கேட்டுக்கேட்டே துண்டைச் சரிசெய்வார்கள்.

பயிற்சி: எப்படிப் பேசுவது, புரை ஏறாமல் எப்படி விழுங்குவது என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித் தருவார். தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி பலருக்குச் சுலபமாக இறங்கும். கிசுகிசுத்துப் பேசுவது நல்லது என்று நினைக்க வேண்டாம், அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான். மிளகுப் பாலும் அதிமதுரமும் தொண்டைக்கு இதமாக இருக்கும், ஆனால் முடங்கிய நரம்பை எழுப்பாது.

எங்கே போகலாம்?

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டை பிரிவுக்குப் போகலாம். கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் சென்ட்ரலில் இறங்கினால், எதிரிலேயே ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்கள் தங்கள் டிஸ்பென்சரி மூலம் பரிந்துரை வாங்கலாம். ஏற்கெனவே அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் சிகிச்சை எடுப்பவர்கள் அங்கேயே சொல்லலாம்.

குரல் மாறியதை நோயாளியே பெரும்பாலும் சொல்ல மாட்டார். பேசவே சிரமம் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக மௌனமாகிவிடுவார். அதனால் அடுத்த செக்கப்புக்குப் போகும்போது, ‘குரல் மாறியிருக்கு, புரை ஏறுது’ என்ற இரண்டு விஷயத்தையும் கூட இருப்பவர்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

(இது பொதுவான தகவலுக்காக மட்டுமே. சிகிச்சைக்கு உங்கள் மருத்துவரை அணுகவும்.)