வச்சிரக் கோட்டத்து முரசும் கணினிச் செய்திமுறையும்

கணினி நிரல் எழுதுவோர் இக்காலத்தில் ‘ஈவென்ட் பஸ்’ என்றொரு முறையைக் கையாளுகின்றனர். நிரலின் ஒரு பகுதி, ‘இன்னது நிகழ்ந்தது’ என்று பொதுத்தடத்தில் அறிவிக்கும். அச்செய்தி வேண்டுமென்று முன்னரே பதிந்துகொண்ட பகுதிகள் அதனைப் பெற்றுத் தத்தம் கடமையைச் செய்யும். அறிவிப்பது கேட்பனவற்றை அறியாது. ஆகவே புதிய பகுதியொன்றைச் சேர்த்தாலும், அறிவிக்கும் பகுதியில் ஓரெழுத்தும் மாற்ற வேண்டுவதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்துப் பெர்மனும் ஜோசப்பும் ‘ஐசிஸ்’ என்னும் அமைப்பைப்பற்றி 1987இல் எழுதிய கட்டுரையில் இம்முறையைக் காணலாம்.

கருவி புதிது, கருத்து நமக்குப் புதிதன்று. கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் அந்நாளில் ஒலித்த பெரட்டு மணி ஒன்றே. அதைக் கேட்டுப் பால்வெட்டுவோர் வாளியை எடுத்தனர். புல்வெட்டுவோர் கத்தியை எடுத்தனர். ஆயா பிள்ளைக் கொட்டகையைத் திறந்தார்.

இதனினும் விரிவான சான்று மணிமேகலையில் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்த அக்காப்பியத்தின் முதற் காதை விழாவறை காதையாகும். புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நிகழும் இந்திர விழாவை அறிவிக்க, வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றினர். முரசறைவோன் எவர் பெயரையும் சொல்லி அழைக்கவில்லை. தெருக்களில் புதுமணல் பரப்புக, அறம் உரைப்போர் பந்தரை அடைக, சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறுக என்று பொதுவில் அறைந்தான். அவரவர்க்குரியதை அவரவர் ஏற்றனர்.

எனினும் இம்முறைக்குக் குறைகள் இரண்டு உள. வாராதவர் யார் என்பது முரசுக்குத் தெரியாது. மாதவியும் மணிமேகலையும் விழாவுக்கு வரவில்லை. ஆதலால் சித்திராபதி வயந்தமாலையைத் தனியே அனுப்ப வேண்டியதாயிற்று. மற்றொன்று, முரசே ஒலிக்காதிருத்தல். மகனை இழந்த துயரில் நெடுமுடிக்கிள்ளி விழாவை மறந்தான். புகாரைக் கடல் கொண்டது என்கிறது காப்பியம்.

எளிய ஈவென்ட் பஸ்ஸின் இயல்பும் இதுவே. கேட்பாரில்லாத செய்தி சுவடின்றி மறையும். அறிவிக்க மறந்த செய்திக்குப் பிழைக்குறிப்பும் தோன்றாது. ஆதலின் தேர்ந்த நிரலர், அறிவிப்பு ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் பதியச் செய்வர்; உரிய காலத்தில் வாராத செய்தியைத் தேடும் காவலையும் அமைப்பர்.

ஆசிரியராகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. அறிவிப்பைப் பலகையில் ஒட்டியதும் கடமை முடிந்துவிடுவதில்லை. வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு வயந்தமாலை போயாக வேண்டும்.